நியூகிரேஞ்ச் கைடட் டூர்: வெளிச்சத்துக்காகப் போறவங்க அந்தக் கல்குவியலையும் நல்லா பாருங்க

அயர்லாந்துக்கு டூர் வர்றவங்களும் இங்கயே வேலை பார்க்கிற நம்மாளுங்களும் திரும்பத் திரும்ப கேக்குறது, நியூகிரேஞ்ச்னு ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கட்டின கல்லறை மேடு இருக்கே, டிசம்பர்ல விடியக்காலை வெயில் உள்ள அறை வரைக்கும் நுழையுமாமே, அங்க போலாமா, அந்த கைடட் டூருக்குக் காசு குடுக்கறது தகுமா, வெளிய இருந்து பார்த்தா ஒரு புல்மேடு தானேன்னு. தாராளமா போங்க. ஆனா போட்டோ எடுத்துட்டு அரை மணி நேரத்துல கிளம்பிடலாம்னு போகாதீங்க, அரை நாளாச்சும் ஒதுக்குங்க, போறதுக்கு முன்னாடி என்ன பார்க்கப் போறோம்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அப்பதான் அந்தக் கல்லு ஒவ்வொண்ணும் பேசும். அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், டிக்கெட் விவரம் மட்டும் வேணும்னா அடுத்த பத்தியும் கடைசில இருக்கறதும் படிச்சா போதும்.

இடம் மீத் கவுண்டில, பாய்ன் ஆறு பெருசா ஒரு வளைவு எடுக்குது பாருங்க அந்த வளைவுக்குள்ள, டப்ளின்ல இருந்து வடக்க ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பக்கத்து ஊர் ட்ராஹெடா. நியூகிரேஞ்ச், நௌத், டௌத்னு மூணு பெரிய கல்லறை மேடு, சுத்தி இன்னும் நிறைய சின்னது, எல்லாத்தையும் சேர்த்து புரூ ந போன்யான்னு சொல்றாங்க, 1993ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. மேப்ல நியூகிரேஞ்ச்னு போட்டு நேரா மேட்டுக்கே வண்டிய விட்டா உள்ள விடமாட்டாங்க. ஆத்துக்குத் தெக்கால விசிட்டர் சென்டர் இருக்கு, அங்க போய், எக்சிபிஷன் பார்த்துட்டு, நடைபாலத்துல ஆத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நிக்கிற ஷட்டில் பஸ்ல ஏறித்தான் போகணும். டிக்கெட் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க, கோடைல நேர்ல போய் நின்னா கிடைக்கறது கஷ்டம். எடுக்கும்போது எக்சிபிஷன் மட்டும் பார்க்கிற டிக்கெட்டா, மேட்டுக்கு உள்ள போற டிக்கெட்டான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்து எடுங்க, ரெண்டும் வேற வேற, உள்ள போகாம வந்தா நியூகிரேஞ்ச் பார்த்ததாவே ஆகாதுங்கறது என் கருத்து.

சரி இப்ப விஷயத்துக்கு வருவோம். இது கட்டினது சுமார் கிமு 3200. எகிப்துல கீசா பெரிய பிரமிடு கட்டறதுக்கு 600 வருஷத்துக்கு முன்னாடி. அப்ப இவங்க கையில உலோகம்னு எதுவுமே கிடையாது, கல்லு, மரம், எலும்பு, கயிறு, ஆள் பலம் அவ்ளோதான். விவசாயம் பண்ணி மாடு வளர்த்த ஜனங்க. அவங்க தங்கியிருந்த வீடெல்லாம் மரமும் மண்ணும், தடம் தவிர ஒண்ணும் மிஞ்சல. செத்தவங்களுக்குக் கட்டினது மட்டும் இப்பவும் நிக்குது. நம்ம பக்கம் கல்வட்டம், கற்குவைன்னு கொடுமணல் மாதிரி இடத்துல இருக்கறதெல்லாம் இரும்புக்காலத்தது, இதுக்கு ரொம்பப் பிந்தினது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்குன்னு யாரும் தேடிக்கிட்டு வராதீங்க, ஆனா இறந்தவங்க மேல கல்லைக் குவிச்சு மறக்காம வைக்கறதுங்கறது சங்கப் பாட்டு படிச்ச நமக்குப் புதுசு கிடையாது, பாலை வழியில செத்தவங்க மேல கல்லு குவிச்ச பதுக்கை பதுக்கையா வரும்ல, அந்த மனசோட போனீங்கன்னா இந்த இடம் அந்நியமா தெரியாது.

மேடு கிட்டத்தட்ட 85 மீட்டர் அகலம், ஒரு ஏக்கர் அளவு நிலத்தை அடைச்சிருக்கு. மேல புல்லு முளைச்சிருக்கறதால மண்மேடுன்னு நினைச்சுடுவோம், உள்ள பார்த்தா முக்கால்வாசி ஆத்துல உருண்ட கல்லு, இடையில இடையில வெட்டி எடுத்த புல்கட்டி. மொத்த எடை 2 லட்சம் டன் வரும்னு ஒரு மதிப்பீடு சொல்றாங்க. சுத்தி அடியில 97 பெரிய பாறை வரிசையா படுக்க வச்சிருக்காங்க, மேடு சரிஞ்சு வெளிய வராம இருக்க ஒரு கரை மாதிரி. அந்தப் பாறை பெரும்பாலும் கிரேவேக்னு ஒரு வகை, 20 கிலோமீட்டர் தள்ளி க்ளோஹர்ஹெட் கடற்கரைப் பக்கத்துல இருந்து வந்திருக்கணும்னு சொல்றாங்க. முகப்புல இருக்கிற வெள்ளைக் குவார்ட்ஸ் தெக்க விக்லோ மலையில இருந்து, நடுநடுவுல பதிச்சிருக்கிற உருண்டைக் கருங்கல் வடக்க இருக்கிற மலைப் பக்கத்துல இருந்து. யோசிச்சுப் பாருங்க, பக்கத்துலயே கல்லு கிடைக்கிற இடத்துல, தெக்க இருந்து ஒண்ணு வடக்க இருந்து ஒண்ணுன்னு வேணும்னே தேடித் தேடி கொண்டு வந்திருக்காங்க. எத்தனை ஊர் ஜனம் இதுல கை போட்டிருக்கணும், அவங்களுக்குச் சோறு போட்டது யாரு, தலைமுறை தாண்டி இந்த வேலைய விடாம நடத்தினது யாரு, தொல்லியல்காரங்க இதை ஏன் விடாம நோண்டுறாங்கன்னா இதுக்குத்தான். ஒரு எழுத்து கூட இல்லாத காலத்து சமூகம் எப்படி ஒண்ணு கூடி வேலை செஞ்சதுங்கறதுக்கு இந்தக் குவியலை விடப் பெரிய சாட்சி அந்த ஊர்ல வேற இல்ல.

வாசல்ல குறுக்க ஒரு கல்லு கிடக்கும், முழுக்க சுருள் சுருளா கொத்தினது, எல்லாரும் போட்டோ எடுக்கறது அதைத்தான். எடுங்க, ஆனா பின்பக்கம் சுத்தி வந்து அந்தக் கரைப்பாறை வரிசையில 52-ஆம் நம்பர் கல்லையும் பாருங்க, வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கு, அதுலயும் அருமையான கொத்து வேலை, முக்காவாசிப் பேர் அந்தப் பக்கம் போறதே இல்ல. அதே மாதிரி முன்னாடி நிக்கிற உயரமான கல்லுங்க மேட்டைச் சுத்தி பின்னாடி வந்தவங்க நட்ட வட்டம், இப்ப 12 தான் மிச்சம் நிக்குது.

உள்ள போற வழி 19 மீட்டர். ரெண்டு பக்கமும் நிமிர்த்தி வச்ச பாறை, சில இடத்துல ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு வழியே குறுகிப் போயிருக்கு, குனிஞ்சு பக்கவாட்டுல திரும்பித்தான் போக முடியும். பையெல்லாம் முதுகுல மாட்டிக்கிட்டு போக முடியாது. மூச்சு முட்டற பயம், அடைச்ச இடம்னா ஆகாதுங்கறவங்க கண்டிப்பா கைடுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கடைசி ஆளா போனா முதல்ல வெளிய வரலாம். சக்கர நாற்காலி உள்ள போகாது. போட்டோ வீடியோ உள்ள தடை, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விதி, ஏன்னா அந்த இருட்டுல எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சா ஒருத்தரும் ஒண்ணும் பார்க்க மாட்டோம்.

கடைசில நிமிர்ந்து நிக்கிற அறை வரும், அங்க போனதும் முதல்ல தலைய தூக்கி மேல பாருங்க. எல்லாரும் சுவத்துல கொத்தியிருக்கிற மூணு சுருளைத் தேடுவாங்க, அது அப்புறம் பார்த்துக்கலாம். கூரை 6 மீட்டர் உயரம், சாந்து கிடையாது, வளைவு தொழில்நுட்பம் கிடையாது, தட்டைப் பாறைய சீட்டுக்கட்டு அடுக்குற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்பக்கம் தள்ளித் தள்ளி அடுக்கி, கடைசில ஒரே ஒரு கல்லால மூடியிருக்காங்க. மேல இருக்கிற அத்தனை ஆயிரம் டன் கல்லும் அழுத்தி அழுத்தித்தான் அந்த அடுக்கு நகராம நிக்குது. ஒரு கல்லு மாத்தல, ஐயாயிரம் வருஷமா அதே கூரை. அதை விட ஆச்சரியம் அங்க ஒரு சொட்டு தண்ணி ஒழுகாது, அதுவும் அயர்லாந்து மழைக்கு. தொல்லியல்காரங்க தோண்டினப்ப பார்த்தா வழியோட கூரைப் பாறைங்க மேல்பக்கத்துல வாய்க்கா மாதிரி கோடு வெட்டி விட்டிருக்காங்க, மழைத்தண்ணி அது வழியா ரெண்டு பக்கமும் வடிஞ்சு போக, பாறை இடுக்குல சுட்ட மண்ணும் கடல் மணலும் கலந்து அடைச்சிருக்காங்க. அந்தச் சுட்ட மண்ணுல இருந்த கரியத்தான் ரேடியோ கார்பன் முறையில சோதிச்சு கட்டின காலத்தைக் கண்டுபிடிச்சாங்க. அடைப்புக்குப் போட்ட மண்ணே தேதி சொல்லுது, இந்த மாதிரி ஒரு விஷயம் கேட்டா எனக்கு உடம்பு சிலிர்த்துடும். கைடு இதைச் சொல்லலைன்னா நீங்களே கேளுங்க, நான் பார்த்த வரைக்கும் அங்க இருக்கிற கைடுங்க கேள்வி கேட்டா சந்தோஷமா பதில் சொல்றவங்க, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற ஆளுங்க கிடையாது.

அறைக்கு மூணு பக்கமும் மூணு மாடம் மாதிரி, அதுல கல்லுல குடைஞ்ச பெரிய தட்டு. எரிச்ச எலும்பும் எரிக்காத எலும்பும் இங்கதான் கிடைச்சுது, தோண்டினப்ப அடையாளம் தெரிஞ்சது அஞ்சு பேர் அளவுக்குத்தான். அவ்ளோ பெரிய மேட்டுக்கு இவ்ளோ கம்மியான்னு தோணும். ஆனா 1699ல சார்லஸ் கேம்பெல்னு அந்த நிலத்துக்காரர் ரோடு போட கல்லு எடுக்கச் சொல்லி ஆள் விட்டப்பதான் இந்த வழியே திறந்துச்சு, அதுக்கப்புறம் 1962ல முறையா தோண்ட ஆரம்பிக்கிற வரைக்கும் ரெண்டரை நூறு வருஷத்துக்கு மேல வர்றவன் போறவன் எல்லாம் உள்ள புகுந்திருக்கான், சுவர்ல பேர் கிறுக்கி வச்சிருக்கறது இப்பவும் தெரியுது, எதெது வெளிய போச்சோ யாருக்குத் தெரியும். 1882ல தான் சட்டப் பாதுகாப்புக்குள்ள வந்துச்சு.

மிஞ்சின எலும்புல இருந்து வந்த செய்தி பெருசு. 2020ல டப்ளின் டிரினிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இங்க கிடைச்ச ஒரு ஆம்பளையோட டிஎன்ஏவைப் படிச்சு, அவரோட அப்பா அம்மா ரொம்ப நெருங்கின ரத்த உறவு, அண்ணன் தங்கச்சியாவோ பெத்தவர் பிள்ளையாவோ இருக்கணும்னு சொன்னாங்க. அப்படி ஒரு உறவை ஊர் ஏத்துக்கிட்டிருக்குன்னா எகிப்து ராஜாங்க மாதிரி தெய்வாம்சம்னு நினைச்ச ஒரு ஆளும் குடும்பம் இருந்திருக்கலாம்ங்கறது அவங்க வாதம். தூரத்து சொந்தக்காரங்க எலும்பு மேற்கால ஸ்லைகோ பக்கத்துக் கல்லறைங்களலயும் கிடைச்சுது. உடனே பத்திரிகை எல்லாம் ராஜா ராஜான்னு எழுதிட்டாங்க. பின்னாடி வேற சில தொல்லியலாளர்கள், ஒரே ஒரு ஆளோட ஒரு எலும்பை வச்சு அரச வம்சம்னு முடிவு கட்டக் கூடாது, அந்தக் காலத்து மத்த கல்லறையில எல்லாம் இந்த மாதிரி உறவு தெரியலைன்னு மறுத்து எழுதினாங்க. எனக்கு அவங்க சொல்றது தான் சரின்னு படுது. டூர்ல ராஜா கதை கேட்டீங்கன்னா இந்த மறுப்பையும் மனசுல வச்சுக்கோங்க.

இப்ப எல்லாரும் எதிர்பார்க்கிற வெளிச்சம். வாசலுக்கு மேல ஒரு சின்ன ஜன்னல் மாதிரி பெட்டி இருக்கு, கூரைப்பெட்டின்னு சொல்லலாம். அதோட மேல்கல்லு மண்ணுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது முன்னாடியே தெரியும், எதுக்குன்னு தான் ஒருத்தருக்கும் புரியல. கார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1962ல இருந்து 1975 வரைக்கும் இங்க தோண்டினவர், சூரியன் உள்ள வரும்னு அந்தப் பக்கத்து ஜனங்க காலங்காலமா சொல்லிட்டு இருந்ததை அவர் காதுல போட்டுக்கிட்டார். தனியா போய் 1967 டிசம்பர் 21 விடியக்காலைல உள்ள உட்கார்ந்தார், வெயில் அந்தப் பெட்டி வழியா நுழைஞ்சு 19 மீட்டர் தாண்டி அறை வரைக்கும் வந்துச்சு. படிக்காத ஜனங்க சொன்ன வாய்மொழிக் கதைய ஒரு பேராசிரியர் மதிச்சு சோதிச்சுப் பார்த்ததால தெரிஞ்ச உண்மை இது, இதுக்காகவே அவர் மேல எனக்கு அவ்ளோ மரியாதை.

கணக்கு எப்படின்னா, உள்ள போக போக தரை நமக்குத் தெரியாமலே ஏறுது, அறையோட தரையும் கூரைப்பெட்டியும் ஒரே மட்டத்துக்கு வந்துடும். அதனால வாசல் வழியா வர்ற வெயில் பாதியிலயே நின்னுடும், பெட்டி வழியா வர்றது மட்டும்தான் அறையைத் தொடும். ஆகக் குறைஞ்ச பகல் வர்ற டிசம்பர் 21ஐ ஒட்டின சில நாள் மட்டும், சுமார் 17 நிமிஷம். அந்தப் பெட்டிய மூட ஒரு குவார்ட்ஸ் கல்லு வச்சிருந்திருக்காங்க, அந்தக் கல்லு தேஞ்சு கீறல் விழுந்திருக்கு, அப்படின்னா அதை நிறைய தடவை இழுத்துத் திறந்து மூடியிருக்காங்க. ஆளுங்க நடக்கிற வாசலை அடைச்ச பிறகும் வெயிலுக்கு மட்டும் தனியா ஒரு வாசல், அதைத் திறந்து விட யாரோ ஒருத்தர் மேல ஏறிப் போயிருக்காங்க.

டூர்ல கைடு விளக்கை எல்லாம் அணைச்சுட்டு, பல்பு வெளிச்சத்தை அந்த வழியா விட்டு எப்படி இருக்கும்னு காட்டுவாங்க. பல்பு தானேன்னு அலட்சியமா நினைக்காதீங்க, கும்மிருட்டுல நின்னுட்டு தரையில அந்த மஞ்சக் கோடு ஊர்ந்து வர்றதைப் பார்த்தா சின்னப் பிள்ளைங்க கூட சத்தம் போடாது. உள்ள ரொம்ப நேரம் நிக்க முடியாது, அடுத்த குழு வெளிய காத்திருக்கும், அதனால முன்னாடியே எதெது பார்க்கணும்னு மனசுல குறிச்சுக்கிட்டுப் போனா நல்லது.

முகப்பைப் பத்தி ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். பளீர்னு வெள்ளையா செங்குத்தா நிக்கிற அந்தச் சுவர் ஐயாயிரம் வருஷமா அப்படியே நின்னது கிடையாது. குவார்ட்ஸ் கல்லெல்லாம் வாசலுக்கு முன்னாடி தரையில சரிஞ்சு கிடந்துச்சு, அது எப்படி விழுந்திருக்குன்னு பார்த்து, சுவரா நின்னு சரிஞ்சதுதான்னு ஓ'கெல்லி முடிவு பண்ணி, 1970கள்ல பின்னாடி கான்கிரீட் கொடுத்துத் திருப்பி எழுப்பினாங்க. வாசலுக்கு ரெண்டு பக்கமும் உள்வாங்கின கருப்புச் சுவர் கூட நாம போய் வர்றதுக்காக இப்ப கட்டினது. அந்தக் குவார்ட்ஸ் சுவரே இல்ல, வாசல் முன்னாடி தரையில தளமா பரப்பி வச்சிருந்ததுன்னு சொல்றவங்களும் நிறைய பேர், இந்த விவாதம் இன்னும் ஓயல. கான்கிரீட் இல்லாம அவ்ளோ செங்குத்தா ஒரு கல்குவியல் எத்தனை நாள் நிக்கும்னு கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியல, அதனால தளம்னு சொல்றவங்க பக்கம் தான் என் மனசு சாயுது. வெளி முகப்பைப் பார்த்து மயங்கிடாதீங்க, கைபடாத பழசு உள்ள இருக்கிற கூரையும் அடியில இருக்கிற பாறை வரிசையும் தான்.

நேரம் இருந்தா நௌத்தையும் சேர்த்து எடுங்க, வருஷம் முழுக்க திறந்திருக்காது, அதைப் பார்த்துக்கோங்க. அங்க வழிக்குள்ள போக விடமாட்டாங்க, அதனால நிறைய பேர் வேணாம்னு விட்டுடறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம். மேற்கு ஐரோப்பாவுலயே இவ்ளோ கல்செதுக்கு ஒரே இடத்துல வேற எங்கயும் குவிஞ்சு கிடக்கல. 127 கரைப்பாறை, சுருள், வளையம், வளைஞ்சு போற கோடு, சூரியக் கடிகாரம் மாதிரி ஒண்ணுன்னு நின்னு நின்னு பார்க்கலாம். ஒரே மேட்டுக்குள்ள கிழக்க ஒரு வழி மேற்க ஒரு வழி, ரெண்டும் நியூகிரேஞ்ச் வழியை விட நீளம். சுத்தி குட்டி குட்டியா கல்லறை மேடு. ஜார்ஜ் ஓகன்னு ஒரு தொல்லியலாளர் 1962ல ஆரம்பிச்சு வாழ்க்கையில பெரும்பகுதியை இதுக்கே குடுத்தார். கிழக்கு வழியில அவர் குழு கண்டெடுத்த ஒரு தீக்கல்லுல செஞ்ச கதாயுதத்தோட தலைப்பகுதி டப்ளின் கில்டேர் தெரு தேசிய மியூசியத்துல இருக்கு, அனுமதி இலவசம், உள்ளங்கையில அடங்குற அளவு கல்லு, அதுல அவ்ளோ நுணுக்கமா சுருள் செதுக்கியிருக்காங்க, மறக்காம பாருங்க.

இன்னொண்ணு, இந்த இடம் கட்டினவங்களோட முடிஞ்சு போகல. பின்னாடி வந்த அயர்லாந்துக் கதைங்கள்ல இது தெய்வங்களோட வீடு. கட்டி மூவாயிரம் வருஷத்துக்கும் மேல கழிச்சு ரோமானியக் காசும் நகையும் கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டுப் போயிருக்காங்க, ரோம் ஆட்சி அயர்லாந்துக்கு வரவே இல்ல, ஆனாலும் யாரோ காணிக்கைன்னு எடுத்துட்டு வந்திருக்காங்க. 2018 கோடையில மழை பொய்ச்சு வயல் காய்ஞ்சப்ப, மேல ட்ரோன் விட்டுப் பார்த்தவங்களுக்கு நியூகிரேஞ்ச் பக்கத்து வயல்ல பெரிய வட்டம் ஒண்ணு பச்சைக் கோடா தெரிஞ்சுது, மண்ணுக்கடியில பழைய குழி இருக்கிற இடத்துல ஈரம் நிக்கும், அங்க பயிர் மட்டும் பசுமையா இருக்கும். இன்னும் தோண்டாதது நிறைய இருக்கு.

போறவங்க கவனத்துக்கு: நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்க, மேட்டுப் பக்கம் புல்லு எப்பவும் ஈரம், காத்து பலமா அடிக்கும், கோடைலயும் ஜாக்கெட் வேணும். எக்சிபிஷனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வைங்க, பஸ் நேரம் டிக்கெட்லயே குறிச்சிருக்கும், நடைபாலம் தாண்டி பஸ் நிக்கிற இடம் போக கொஞ்சம் நடக்கணும், வயசானவங்க கூட வந்தா அதுக்கும் நேரம் விடுங்க. நிஜ சூரியனையே உள்ள நின்னு பார்க்கணும்னா அதுக்குக் காசு வாங்கறது இல்ல, குலுக்கல் தான், ஆயிரக்கணக்கான பேர் பேர் குடுப்பாங்க, செப்டம்பர் கடைசி வாக்குல பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க சீட்டு எடுப்பாங்க. பேர் வந்தாலும் அன்னிக்கு மேகம் மூடிட்டா ஒண்ணும் தெரியாது. அதனால குலுக்கலுக்குப் பேர் குடுங்க, ஆனா அதுக்காகக் காத்திருக்காம சாதாரண டூருக்கு இப்பவே டிக்கெட் எடுத்துடுங்க, முடிஞ்சா நெரிசல் கம்மியா இருக்கிற வாரநாள் காலைல, முதல் பஸ்லயே.